மறுகால் பாயும் மின்சாரம்

மதுரையின் மேற்கு விளிம்பாக ஒரு காலத்தில் இருந்து, இன்று நகரத்துக்கு உள்ளேயே வந்துவிட்ட இடம் காளவாசல். காளவாய், காளவாசல் என்பன செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளையைக் குறிக்கும் சொற்கள். ஊர் வளர வேண்டுமானால் செங்கல் வேண்டும். செங்கல்லுக்கு நெருப்பு வேண்டும். நெருப்பு ஊருக்குச் சற்று வெளியே இருக்க வேண்டும். பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கத் தேவையில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு நகரம் தனக்கு வேண்டிய ஆற்றலைத் தன் எல்லையிலேயே உண்டாக்கிக்கொண்ட காலத்தின் நினைவு அந்தப் பெயரில் தங்கிவிட்டது.

அங்கிருந்து மேற்கே போகும் தேனிச் சாலை விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று நீண்டு, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி இறங்குமிடம் அது. மின்சாரத்தை யாரும் நினைக்காத நாளில் பாசனத்துக்காகத் திருப்பப்பட்ட அந்த நீர், 1958 முதல் பெரியாறு மின்நிலையத்தின் சுழலிகளையும் சுற்றத் தொடங்கியது. அதே சாலையில் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. சாலையின் கிழக்கு முனையில், காளவாசலைச் சுற்றியுள்ள வீடுகளின் மொட்டைமாடிகளில், சூரியத் தகடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஆக, நீர், காற்று, வெயில் மூன்றும் இந்த ஒரே சாலையின் ஓரத்தில் மின்சாரமாகின்றன. அவை மூன்றும் ஒரே கம்பிவலையில் போய்ச் சேர்கின்றன.

நம் மொழியில் மின்சாரத்தின் வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவும் அமைச்சர்களின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. சிறிய உற்பத்தியாளர் ஒருவர் பெரிய வலையோடு சேர்வது எப்படி, சேரும்போது எதைப் பெறுகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அதே வரலாற்றைப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்க விரும்புகிறோம்.

ஊருக்கொரு பவர் ஹவுஸ்

இந்தியாவில் மின்சாரம் சிறியதாகத்தான் தொடங்கியது. 1897இல் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 130 கிலோவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் அந்த மலைநகரின் தெருவிளக்குகளுக்காக அமைந்தது. இன்று இருபத்தைந்து, முப்பது வீடுகளின் மாடிகளில் போடும் சூரியத் தகடுகளின் திறன்தான் அது. 1902இல் மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் காவிரியின் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பியில் அனுப்பியது. உற்பத்தி ஓரிடத்திலும் பயன்பாடு வேறிடத்திலும் இருக்கலாம் என்பதைத் தென்னிந்தியாவுக்குக் காட்டிய முதல் பெரிய முயற்சி அதுவே. நீலகிரியில் காட்டேரி அருவியின் நீர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் தந்தது. தேயிலைத் தோட்டங்கள் தம் ஓடைகளில் தாமே சுழலிகளை வைத்துக்கொண்டன.

சமவெளி நகரங்களின் கதை வேறு. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு நகர எல்லைக்குள் மின்சாரம் விநியோகிக்க உரிமம் வழங்க வழிசெய்தது. நகரத்துக்கு ஒரு நிறுவனம், அதற்கு ஓர் எந்திரக்கூடம், அதிலிருந்து சில தெருக்களுக்குக் கம்பி. மதுரையில் மின்சாரம் விநியோகித்ததும் இப்படி உரிமம் பெற்ற ஒரு தனியார் நிறுவனமே. சென்னைக் கோடம்பாக்கத்திலும் கோவையிலும் பேருந்து நிறுத்தங்களுக்கு ‘பவர் ஹவுஸ்’ என்ற பெயர் இன்றும் வழங்குவதை வாசகர்கள் அறிவர். பெரிய ஆலைகள் இதற்கும் காத்திருக்கவில்லை. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் 1880களில் தொடங்கிய நூற்பாலை தாமிரபரணியின் வீழ்ச்சியையே விசையாகக் கொண்டு இயங்கியது. மதுரையில் அவர்கள் அமைத்த ஆலை நீராவியை நம்பியிருந்தது.

அந்தக் காலத்தில் இணைப்பு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு எந்திரக்கூடமும் தனித்தனித் தீவு. எந்திரம் பழுதானால் ஊர் இருண்டது. இரவில் தேவை கூடும், பகலில் எந்திரம் சும்மா நிற்கும். உரிமம் நகரத்தோடு முடிந்ததால் நகரத்துக்கு வெளியே ஒரு கம்பமும் நடப்படவில்லை. கம்பி இழுக்கும் செலவுக்கு ஈடாக வருமானம் தராத கிராமத்தை எந்த நிறுவனமும் திரும்பிப் பார்க்க நியாயமில்லை. சிறிய உற்பத்தியின் அந்தப் பொற்காலத்தில் உழவர்கள் ஏற்றமும் கவலையும்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

பைகாரா வந்தது

1929இல் வேலை தொடங்கி 1932இல் பைகாரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. சென்னை மாகாண அரசே நேரடியாக மின்சாரம் உற்பத்தி செய்து நீண்ட தூரத்துக்கு அனுப்பிய முதல் பெரிய திட்டம் அது. கோவையின் நூற்பாலைகள் பெருகியதற்குப் பைகாரா மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் ஆகியவை வந்தன. பைகாராவின் கம்பிகள் தெற்கே நீண்டு மதுரைச் சமவெளிக்கும் வந்துசேர்ந்தன. மூன்று நீர்மின் நிலையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு ஒரே வலையாயின. நீலகிரியில் மழை பொய்த்தால் பொதிகையும், பொதிகையில் நீர் குறைந்தால் மேட்டூரும் கைகொடுக்கலாம் என்ற ஏற்பாடு நம் நாட்டில் அப்படித்தான் உருவானது.

வலை வந்ததும் ஊர் எந்திரக்கூடங்களுக்கு அர்த்தம் போய்விட்டது. எண்ணெயோ கரியோ எரித்து உண்டாக்குவதைவிட அரசிடம் மொத்தமாக வாங்கி விற்பது மலிவு. உற்பத்தியாளர்களாக இருந்த நிறுவனங்கள் இடைத்தரகர்களாயின. அடுத்த படி அவற்றை எடுத்துக்கொள்வதுதான். சென்னை அரசு 1949இல் மின்விநியோக நிறுவனங்களைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. ராஜமுந்திரி நிறுவனம் தொடுத்த வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்தது. இதற்கிடையே 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலந்தோறும் மின்வாரியம் அமைக்க வழிசெய்தது. சென்னை மாநில மின்வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தது. அதுவே பின்னர் தமிழ்நாடு மின்சார வாரியம். வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் உரிமதாரரோ பிறரோ புதிய மின்நிலையம் அமைக்கக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் ஒரு விதி. சிறிய உற்பத்தியாளர் என்ற பாத்திரம் அத்துடன் மேடையிலிருந்து இறக்கப்பட்டது.

இதைச் சிறியவர்களை விழுங்கிய கதையாக மட்டும் படிப்பது நேர்மையாகாது. அந்த வாரியம்தான் ஊர் ஊராகக் கம்பம் நட்டது. தமிழகத்தில் இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் இலவச மின்சாரம் வந்தது. லாபக் கணக்குப் பார்க்கும் நகர நிறுவனம் எதுவும் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிணற்றுக்குக் கம்பி இழுத்திருக்காது. பெரிய வலை ஒன்று அமைந்ததால்தான், தருபவரின் உபரியும் பெறுபவரின் குறையும் ஒரே கணக்கில் வந்தன. ஆனால் அந்தக் கணக்கில் மக்கள் ஒரே ஒரு வரியில்தான் இருந்தார்கள்: நுகர்வோர் என்ற வரி. கம்பியில் மின்சாரம் ஒரே திசையில்தான் ஓடும் என்பது ஏறக்குறைய இயற்கை விதியாகவே நம் மனத்தில் பதிந்துவிட்டது.

கண்மாயும் கம்பியும்

அது இயற்கை விதி அல்ல. இதை விளங்கிக்கொள்ள மதுரைக்காரர்களுக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. காளவாசலுக்குத் தெற்கே இருக்கும் மாடக்குளம் கண்மாயை நினைத்தாலே போதும். வைகைப் படுகையின் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேலக் கண்மாய் நிரம்பினால் மறுகால் வழியாகக் கீழக் கண்மாய்க்கு நீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. ஒரு கண்மாயின் மிச்சம் இன்னொன்றின் வரத்து. மறுகால் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், எந்த மடையை எப்போது திறப்பது என்பதையெல்லாம் ஒரு ஊர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. தீர்மானித்தால் கீழூர் காயும், அல்லது மேலூர் மூழ்கும்.

மின்வலையும் இப்படிப்பட்டதுதான், ஒரு பெரிய வேறுபாட்டோடு. கண்மாயில் நீர் தங்கும். கம்பியில் மின்சாரம் தங்காது. உண்டாகும் நொடியிலேயே செலவாக வேண்டும். வலையில் உள்ள அத்தனை எந்திரங்களும் ஒரே தாளத்தில், நொடிக்கு ஐம்பது அலை என்ற கணக்கில் துடிக்க வேண்டும். தேவை மிஞ்சினால் தாளம் மந்தமாகும். உற்பத்தி மிஞ்சினால் துரிதமாகும். புதிதாகச் சேர வரும் எந்திரம் மின்னழுத்தம், அலைவெண், அலை ஏறி இறங்கும் கணம் மூன்றிலும் வலையோடு ஒத்துப்போன பிறகே கைகோக்க வேண்டும். பழைய மின்நிலையங்களில் இதற்கு மூன்று விளக்குகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்திரத்துக்கும் வலைக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த விளக்குகளை மினுக்கும். மினுக்கம் மெதுவாகி, விளக்குகள் அணைந்து நிற்கும் கணத்தில் பொறியாளர் சுவிட்சைப் போடுவார். சற்றே தவறினால் எந்திரத்தின் தண்டே முறியலாம். இன்று அந்த வேலையை மாடிச் சுவரில் மாட்டிய இன்வெர்ட்டர் தானே செய்துவிடுகிறது. சிறிய உற்பத்தியாளர் மீண்டும் மேடையேறியதற்குச் சட்டத்தைப் போலவே இந்தப் பெட்டியும் காரணம்.

காற்று கற்றுக்கொடுத்த பாடம்

உலகத்தில் மறுதிசை ஓட்டத்தை முதலில் துணிந்து செய்து பார்த்தவர்களில் டென்மார்க் தச்சர் கிறிஸ்டியன் ரீசாகரும் ஒருவர். 1970களின் நடுவில், எண்ணெய் நெருக்கடியை அடுத்த ஆண்டுகளில், தாம் செய்த காற்றாலையை ஊர் மின்கம்பியோடு இணைத்தார். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சிறிய உற்பத்தியாளர் தரும் மின்சாரத்தை விநியோக நிறுவனங்கள் வாங்கியே ஆகவேண்டும் என்றது. ஜெர்மனி 1991இல் இதை இன்னும் தெளிவாக்கியது: வாங்குவது கட்டாயம், விலையும் சட்டத்தாலேயே நிர்ணயம்.

தமிழகத்தில் 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில், தலா 55 கிலோவாட் திறனுள்ள பத்துக் காற்றாலைகள் அரசின் செயல்விளக்கத் திட்டமாக நிறுவப்பட்டன. அடுத்து ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தல், கயத்தாறு, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய உடுமலைப் பகுதி, பின்னர் தேனி என்று அவை பரவின. 1990களில் காற்றாலை வாங்குவோருக்கு அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம்கொடுத்தது. நூற்பாலை முதலாளிகளும் நகைக்கடைக்காரர்களும் திடீரென்று காற்றின்மேல் காதல் கொண்டதற்கு இதுவே காரணம் என்று அக்காலத்தில் கேலி பேசப்பட்டது. கேலியில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் காதலின் விளைவாக ஒரு புதிய பழக்கம் பிறந்தது.

அந்தப் பழக்கத்துக்குப் பெயர் ‘வீலிங்’, ‘பாங்கிங்’. முப்பந்தலில் காற்றாலை, ராஜபாளையத்தில் நூற்பாலை. காற்றாலையின் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டு, அதே அளவை ஆலையில் எடுத்துக்கொள்வது வீலிங். காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை மிஞ்சுவதை வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுப்பது பாங்கிங். இதற்காக வாரியம் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும். முன்பே சொன்னபடி மின்சாரம் தங்காத பொருள். ஆகவே ஜூலையில் போட்ட யூனிட் ஜனவரியில் திரும்ப வருவதில்லை. ஜனவரியில் வாரியம் வேறொரு கரியை எரித்துத்தான் தருகிறது. பாங்கிங் என்பது இயற்பியல் அல்ல, ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியின் விலை என்ன, அதை யார் கொடுப்பது என்ற வழக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் பல ஆண்டுகளாக வெவ்வேறு வடிவங்களில் நடந்து வந்திருக்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. அந்த முதல் தலைமுறைக் காற்றாலைகளின் மின்னாக்கிகள் பெரும்பாலும் ‘இண்டக்‌ஷன்’ வகையைச் சேர்ந்தவை. அவை தம்முள் காந்தப்புலத்தை எழுப்பவே வலையிலிருந்து மின்னோட்டத்தை வாங்க வேண்டும். வலை செத்துக் கிடந்தால், எவ்வளவு காற்று வீசினாலும் அவற்றால் மின்சாரம் உண்டாக்க இயலாது. கொடுப்பதற்கே முதலில் வாங்கவேண்டியிருந்தது. வலையின் கடைக்கோடியில் மெலிந்த கம்பிகளில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் இப்படித் தொங்கியபோது மின்னழுத்தம் சரிந்தது. மின்தேக்கிகள் பொருத்த வேண்டியிருந்தது. பொருத்தாதவர்களுக்கு அபராதம் வந்தது. உற்பத்தியாளர் சிறியவரானாலும் வலையின் உடல்நலத்தில் அவருக்கும் கடமை உண்டு என்பது இங்கே எழுதப்பட்டது.

ஒரு பஞ்சாயத்தின் காற்றாலை

முதலாளிகளுக்கு மட்டுமான கதை அல்ல இது என்பதற்கு ஓடந்துறை சாட்சி. மேட்டுப்பாளையத்தை அடுத்த இந்த ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, முதலில் குடிநீர் இறைக்கும் மோட்டாருக்காக மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறு எந்திரம் ஒன்றை வைத்துப் பார்த்தது. பிறகு 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சுமார் 1.55 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பதோ ஓடந்துறையில் அல்ல, காற்று வீசும் உடுமலைப் பக்கத்து மைவாடியில். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் யூனிட் அது உற்பத்தி செய்தது. ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் போக மிஞ்சியதை வாரியம் விலைக்கு வாங்கிக்கொண்டது.

வலை என்ற ஒன்று இல்லாமல் இது நடந்திருக்க முடியாது. மைவாடியின் காற்று ஓடந்துறையின் குழாயில் நீராக வருவதற்கு நடுவில் வாரியத்தின் கம்பங்களும் துணைமின் நிலையங்களும் மீட்டர்களும் இருந்தன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் இருந்தது. மின்நிலையம் அமைக்க உரிமம் தேவையில்லை என்றது அச்சட்டம். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வலையோடு இணைய வழிசெய்வதை மாநில ஆணையங்களின் கடமையாகவும் வைத்தது. 1948இல் பூட்டிய கதவு அரை நூற்றாண்டுக்குப் பிறகு திறந்தது.

இருட்டின் ஆண்டுகள்

திறந்த கதவுக்குள் மக்கள் உடனே நுழைந்துவிடவில்லை. அவர்களைத் தள்ளியது இருட்டு. 2008 முதல் 2014 வரை தமிழகம் கண்ட மின்வெட்டை மதுரையில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. விசைத்தறிகள் நின்றன, பட்டறைகள் டீசலுக்கு மாறின, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்திக்குத் திரும்பினார்கள். வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டரும் மின்கலமும் வாங்கினார்கள். அது உற்பத்தி அல்ல. கம்பியில் மின்சாரம் வரும்போது மற்றவரை முந்திக்கொண்டு அள்ளி வைப்பது. பற்றாக்குறையை அது கூட்டவே செய்தது.

இந்த இருட்டின் நடுவில்தான் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஆண்டின் பல மாதங்கள் மின்சாரமின்றித் தவித்த அதே மாநிலத்தில், காற்று உச்சத்தில் வீசும் நாட்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மின்சாரத்தை ஏற்றுக் கொண்டுபோகப் போதிய கம்பி இல்லை. உபரியை வடக்கே அனுப்பவும் போதிய வழியில்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்வலைகள் சரிந்து ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டபோது தென்னகம் தப்பியது, அது அந்த வலையோடு ஒரே தாளத்தில் கட்டப்படாமல் இருந்ததால். ஆனால் நம் உபரியை விற்கவும் பிறர் உபரியை வாங்கவும் போதிய அளவுக்கு முடியாமல் போனதற்கும் அதுவே ஒரு காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் இயங்கத் தொடங்கித் தென்வலை நாட்டின் மற்ற வலையோடு இணைந்தது. அன்று முதல் காளவாசலில் ஒரு மின்விசிறியும் வட இந்தியாவில் ஒரு விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்கும் காலம் தொடங்கியது. இணைப்பு காப்பாற்றும், இணைப்பு சேர்த்தும் இழுத்துவிடும். கண்மாய்களின் கதையிலும் இது உண்டு: மேலக் கண்மாய் உடைந்தால் கீழக் கண்மாயும் உடையும்.

மாடிக்கு வந்த வெயில்

2012இல் தமிழக அரசு சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டு, 2015க்குள் 3000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகள் இருந்தன. அவை மின்கலத்தை நம்பிய தனித் தீவுகள். 2013 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் ‘நெட் மீட்டரிங்’ ஆணையை வெளியிட்டபோதுதான் மாடியின் வெயில் முறைப்படி வலைக்குள் வந்தது.

இதன் செயல்முறை எளியது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். சுமார் நூறு சதுர அடி இடம் பிடிக்கும். தகடு தரும் நேர் மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் வலையின் தாளத்துக்கு மாற்றுகிறது. வீட்டுக்குத் தேவையானது போக மிஞ்சியது இருதிசை மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போகிறது. அது வெகுதூரம் பயணம் செய்வதில்லை. பெரும்பாலும் பக்கத்து வீட்டு மிக்ஸியிலோ எதிர்வீட்டு மோட்டாரிலோ முடிந்துவிடும். மாலையில் வீட்டுக்காரர் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்து மீதிக்குக் கட்டணம். முதல் ஆணையில் ஓராண்டு நுகர்வின் 90 சதவீதம் வரைதான் இப்படிக் கழிக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் தானம்.

சொல்ல எளிதாக இருப்பது நடைமுறையில் தயங்கித் தயங்கியே நடந்தது. 2019இல், வலைக்குத் தரும் உபரிக்குக் குறைந்த விலை மட்டும் கிடைக்கும் முறை வந்தது. 2021இல் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பியது. தொழிற்கூடங்களுக்கு வேறு கணக்கு. அவர்கள்மீது வலையமைப்புக் கட்டணமும் விதிக்கப்பட்டது. சிறு, குறு தொழில்கள் எதிர்த்தன; 2023இல் அவர்களுக்கு அது பாதியாகக் குறைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம். அதன் பிறகு மாடிகளில் தகடுகள் வேகமாக ஏறின. ஆனாலும் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருக்கும் மாநிலத்தில், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குத் தகடு போடக் கணக்கு இடம்கொடுப்பதில்லை. அதிகம் செலவழிப்பவருக்கே அது லாபம்.

கம்பத்தில் ஏறுகிறவர்

மாடியில் தகடு போட்ட வீட்டுக்காரர்கள் முதல் மின்தடையின்போது அடையும் ஏமாற்றம் ஒன்றுண்டு. உச்சி வெயில் அடிக்கிறது, தகடு பளபளக்கிறது, வீட்டில் விசிறி நிற்கிறது. வலையில் மின்சாரம் நின்றால், மின்கலம் இல்லாத சாதாரண இணைப்பில் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இதைக் கோளாறு என்று எண்ணுவோர் உண்டு. கோளாறு அல்ல, அறம். கம்பத்தின்மேல் வேலை செய்யும் வயர்மேன், துணைமின் நிலையத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் கம்பியைத் தொடுகிறார். நம் மாடியிலிருந்து மறுபக்கமாகப் பாயும் மின்சாரம் அவரைக் கொன்றுவிடக்கூடும். வலை ஒரு திசையில் மட்டும் ஓடியபோது இந்த ஆபத்தின் சாவி துணைமின் நிலையத்தில் இருந்தது. இரு திசையில் ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு மாடியிலும் ஒரு சாவி இருக்கிறது. கண்மாய்க் காலத்தில் மடையைத் திறக்கும் பொறுப்புள்ளவரை ஊர் மரியாதையோடு வைத்திருந்தது; அவர் சொல்லாமல் யாரும் மடையில் கைவைப்பதில்லை. அதே ஒழுங்கு இன்று ஒரு மென்பொருள் விதியாக இன்வெர்ட்டருக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் நம் கேள்வி கூர்மையாகிறது. கம்பத்துக்கும் கம்பிக்கும் வயர்மேனின் சம்பளத்துக்கும் யார் கொடுப்பது? சொந்த மாடி உள்ளவர் பகலில் தந்து இரவில் எடுத்து, கட்டணத்தைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறார். ஆனால் வாடகை வீட்டுக்காரருக்கு மாடி சொந்தமில்லை. ஓட்டு வீட்டிலும் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்திலும் இருப்பவருக்கு வெயில் எட்டுவதில்லை. முன்னவர் விட்டுச்சென்ற செலவு பின்னவர் தலையில் விழலாம் என்பது விநியோகக் கழகம் வைக்கும் வாதம். அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அதேபோல், நண்பகலில் பக்கத்து வீட்டிலேயே செலவாகும் யூனிட்டுக்குத் தொலைதூரக் கம்பியின் இழப்பு இல்லை, அனல்நிலையக் கரி இல்லை. ஆகவே அதற்கு உரிய விலை வேண்டும் என்ற மாடிக்காரரின் வாதத்தையும் தள்ள முடியாது. மாலை ஏழு மணிக்கு வெயில் இல்லாதபோது எல்லாரும் ஒரே நேரத்தில் வலையின் கதவைத் தட்டுகிறார்கள். அந்த நேரத்துக்காகக் காத்து நிற்கும் நிலையங்களின் செலவு பகலில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நூறாண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. முதலில் சிறியவர்கள் இருந்தார்கள், வலை இல்லை. வெளிச்சம் தெருக்கோடியோடு நின்றது. பிறகு வலை வந்தது, சிறியவர்கள் இல்லை. வெளிச்சம் ஊர்களுக்குப் போனது, ஆனால் மக்கள் வாங்குவோராக மட்டும் நின்றார்கள். இப்போது வலையும் சிறியவர்களும் ஒரே நேரத்தில் இருக்கும் மூன்றாம் கட்டத்தில் நாம் நிற்கிறோம். மாடிக்காரர்கள் ஒவ்வொருவராக மின்கலம் வாங்கிக்கொண்டு வலையை விட்டு விலகினால், நாம் முதல் கட்டத்துக்கே திரும்புவோம். வலையில் எஞ்சியிருப்பவர்கள் ஏழைகளும் கிணற்று மோட்டார்களுமாக இருப்பார்கள். விநியோகக் கழகம் சிறியவர்களைத் தொந்தரவாகவே கருதினால் அந்த விலகலை அதுவே விரைவுபடுத்தும். நடுவே இருப்பது ஓடந்துறை காட்டிய வழி: தனி மாடிக்குப் பதில் பொது உடைமை. வாடகைக்காரரும் பங்கு வாங்கக்கூடிய கூட்டுத் தகடுகள், பள்ளிக்கூட மாடிகள், ஊராட்சிக் கட்டடங்கள், கண்மாய்க் கரைகள். சட்டம் இவற்றுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பது இனி ஆணையத்தின் விசாரணைகளில் தீர்மானமாகும். அந்த விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. போய்ப் பேசுவோர்தான் குறைவு.

வைகைப் படுகையில் கண்மாய்களை வெட்டியவர்கள் மழையை உண்டாக்கவில்லை. பெய்ததைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கை உண்டாக்கினார்கள். மறுகாலின் உயரத்தைப் பற்றி ஊர்களுக்கிடையே எழுந்த சச்சரவுகள் தலைமுறை தலைமுறையாக நீடித்தன; ஆனால் சச்சரவுக்கு அஞ்சி யாரும் மறுகாலை அடைத்துவிடவில்லை. மாடிகளிலிருந்து கம்பிக்குப் பாயும் இந்தப் புதிய உபரிக்கும் அப்படியொரு உயரத்தைப் பேசி முடிவு செய்யவேண்டிய வேலை நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது.